வக்கீலின் டர்ன்டேபிள்

"செட்டு எனக்கு வேணும்."

சாப்பாட்டு மேசையில் யாரும் வாயில் வைத்ததை விழுங்கவில்லை. அம்மாவின் கரண்டி பாத்திரத்துக்கும் அண்ணனின் தட்டுக்கும் நடுவழியில் நின்றது. வக்கீல் மட்டும் டம்ளரை எடுத்து நிதானமாக ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். அண்ணனுக்கு மட்டும் ஏன் புதுச் செருப்பு என்று சின்ன வயதில் கேட்டபோது அப்பா வைத்தது. அப்போது செல்லமாகத்தான் வைத்தார். அவள் படித்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அதே பெயரில் செல்லம் குறைந்து சலிப்பு கூடியிருந்தது.

காலையில்தான் அம்மா அவளைச் சமையலறை மூலைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் சொல்லியிருந்தாள். "அண்ணன் நம்ம பாட்டுச் செட்டை எடுத்துட்டுப் போக வர்றான். அவன் மாமனாரும் வர்றார். நீ எதை வேணா பேசு. எனக்குப் பங்கு, எனக்கு வேணும்னு மட்டும் கேட்டுடாதே. இந்த வீட்டுல பொம்பளைங்க யாரும் அப்படிக் கேட்டதில்ல."

"அதான் யாருக்கும் எதுவும் கிடைக்கல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள் வக்கீல். திரும்பி வரும் வழியெல்லாம், சரி, இன்று ஒருநாள் வாயை மூடிக்கொண்டுதான் பார்ப்போமே என்றுகூட நினைத்தாள். ஆனால் சாப்பாட்டுக்கு நடுவில் அண்ணன், "வண்டி சாயந்திரம் வந்துடும். அந்தச் சுத்துற தட்டையும் சேர்த்துக் கட்டிடலாம்" என்று கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சொன்னான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எந்த செட்டு?" என்றான் அண்ணன் இப்போது.

"இந்த வீட்டுல எத்தனை செட்டு இருக்கு?"

"ஆரம்பிச்சுட்டா. கோர்ட்டு கூடிடுச்சு. ஏம்மா, இவளுக்கு ஒரு கறுப்புக் கோட்டு தெச்சுக் குடுத்துடலாம்ல?"

அண்ணி சிரிக்கவில்லை. அவள் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எதற்குச் சிரிக்க வேண்டும், எதற்குக் கூடாது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தட்டு உன்னோடதுன்னா சொல்ற?" என்று வக்கீலைக் கேட்டாள்.

"தட்டு என்னோடது. அதுல சந்தேகமே இல்ல. நான் கேக்கறது மொத்த செட்டையும்."

அந்தச் செட்டின் கதையை அண்ணிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா கார் சீட்டுக்கு உறை தைப்பவர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் கூலிக்குப் பதிலாக ரேடியோவோடு கூடிய ஒரு ஆம்ப்ளிஃபையரையும் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களையும் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஸ்பீக்கர்களின் முகத்துணி கிழிந்திருந்தது. அப்பா மிச்சமிருந்த கருஞ்சிவப்பு சீட் துணியை வெட்டி, ஓரம் மடித்து, பிசிறில்லாமல் தைத்துப் போட்டார். கொஞ்ச நாள் ரேடியோ பாடியது. பிறகு ஒரு பக்கம் ஊமையானது. அதன்பின் அது செட்டாக இல்லை, மேசையாக ஆனது. மேலே மருந்துச் சீட்டு, வீட்டுச் சாவி, அண்ணனின் ஹெல்மெட். அதற்கும் மேலே சுவரில், கறுப்பு அங்கி போட்ட வக்கீலின் பட்டமளிப்புப் போட்டோ. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் போட்டோவைப் பார்ப்பார்கள், அம்மா பெருமையைச் சொல்லி முடிப்பாள், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வெளியே போவான். செட்டை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

வக்கீல் பார்த்தாள். முதலில் ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றினாள். ஊமைப் பக்கத்துக்குப் பெரிய வியாதி ஒன்றும் இல்லை, திருகுக் குமிழுக்குள் வருஷக்கணக்கான அழுக்கு. அழுக்கை எடுக்கும் மருந்தைப் பீய்ச்சி அப்படியும் இப்படியும் திருப்பியதில் வாய் திறந்துவிட்டது. அதன்பிறகு அவளுக்கு ஆசை வந்தது. இதில் ரெக்கார்டு போட்டுக் கேட்டால் எப்படி இருக்கும்?

ரெக்கார்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் புதிதாக வாங்க வசதி இல்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை. கிளினிக்கைக் காலி செய்த ஒரு பல் டாக்டரின் சாமான்களோடு சாமானாக, பழைய பொருள் கடையில் ஒன்று கிடந்தது. மூடியில் கீறல். தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் உருகித் தார்போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி முறிந்திருந்தது. கடைக்காரர் அதைப் பூந்தொட்டி வைக்க ஆகும் என்று சொல்லித்தான் விற்றார். அவள் தட்டைக் கையால் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். கரகரப்பே இல்லை. தட்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் நன்றாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடியவை. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் பேரம் பேசி அள்ளிக்கொண்டு வந்தாள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெளிவாக இருந்தது. மூடிக் கீறலை விட்டுவிட்டாள், கீறல் பாடப்போவதில்லை. அதிர்வு தாங்க அடியில் வைக்கும் பலகைக்குப் பதிலாகத் தரைக்குப் பதித்ததில் மீந்த ஒரு கல் டைல், அதற்குக் கீழே அப்பா கடையில் கழித்துப் போட்ட கெட்டி ஃபோம். ஆனால் ஊசி மட்டும் புதிதாக, நல்லதாக வாங்கினாள். ஊசியில் கஞ்சத்தனம் பண்ணினால் அது ரெக்கார்டைப் பாட வைக்காது, உழும். ஊசி எவ்வளவு பாரமாக உட்கார வேண்டும் என்பதைக் கம்பெனித் தராசை ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்துச் சரிசெய்தாள்.

எல்லாம் முடிந்து மாட்டினால், கொசு பாடுவதுபோலக் கேட்டது. ரெக்கார்டு ஊசியிலிருந்து வருகிற சத்தம் அவ்வளவுதான், அதை ஒருமுறை பெருக்கிக் கொடுத்தால்தான் ஆம்ப்ளிஃபையருக்கே காதில் விழும். இதைவிடப் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் அதற்கென்றே தனி வழி இருக்கும். ரெக்கார்டு செத்துப்போச்சு என்று உலகம் முடிவுகட்டிய சமயத்தில் செய்த இந்த ஆம்ப்ளிஃபையரில் இல்லை. கடையில் தனிப் பெட்டியாகக் கிடைக்கிறது, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். உதிரிப் பாகங்களை வாங்கி, தானே பற்றவைத்து, முயல் படம் போட்ட ஒரு காலி பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். பிளாஸ்டிக் டப்பா ஆகாது, 'உம்' என்று இரைச்சல் பிடிக்கும். தகரம்தான் வேண்டும். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தரைவயரை, அதாவது எர்த் வயரை, டின்னின் ஓரத்தில் திருகினாள். இரைச்சல் சட்டென்று நின்றது.

அன்றைக்குப் பாட்டு வந்தபோது அப்பா வாயில் நூலோடு கீழே இருந்த கடையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார். சுவரில் போட்டோ சட்டம் கிடுகிடுவென்று ஆடியது. அம்மா, "ஐயோ, உன் பட்டம் விழுது" என்று ஓடிவந்து பிடித்தாள். அதிலிருந்து தினமும் சாயந்திரம் அப்பா செட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவார். ரெக்கார்டு முடிந்ததும், "திருப்பிப் போடும்மா" என்பார், அவ்வளவுதான்.

அண்ணன் ஒருநாள் வந்து கேட்டான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். "அட, நல்லா இருக்கே! என் புது வீட்டு ஹாலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்" என்றான். அன்றைக்கே அது அண்ணனின் செட்டாகிவிட்டது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க சொல்லுங்க" என்றாள் வக்கீல். "இது கிடந்தப்ப யாருக்கும் வேணாம். பாடினதும் அண்ணனுக்கா?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவன் பையன்ம்மா. தனிக்குடித்தனம் போயிருக்கான். நீ நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. இவ்ளோ பெரிய சாமானை எங்க தூக்கிட்டுப் போவ?"

"ஏன், நான் போற இடத்துல சுவர்ல பிளக் இருக்காதா?"

"வாயப் பாரு" என்றாள் அம்மா.

"பட்டத்தை நான் வாங்கினா நம்ம பட்டம். செட்டை நான் சரி பண்ணினா அண்ணன் செட்டு. இது என்ன கணக்குன்னுதான் கேக்கறேன்."

"நீ எப்ப வேணா எங்க வீட்டுக்கு வந்து கேளு. நான் என்ன பூட்டியா வெக்கப்போறேன்?" என்றான் அண்ணன் பெரிய மனது பண்ணி.

"என் தட்டைக் கேக்க நான் பஸ் ஏறி வரணுமா?"

"போதும். அவன்தான் எடுத்துட்டுப் போவான்" என்று அப்பா கையைக் கழுவ எழுந்துவிட்டார். தீர்ப்பு அதுதான்.

வக்கீல் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்த்தாள். பாத்திரங்கள் பாவம், அவற்றின்மேல் ஒரு தப்பும் இல்லை. எங்க தூக்கிட்டுப் போவ என்ற கேள்விதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கம்பெனியில் பேக்கிங் பிரிவு அக்கா தன் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று எப்போதிலிருந்தோ சொல்லிக்கொண்டிருந்தாள். வக்கீல் ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம்க்கா, பார்க்கலாம்க்கா என்று தள்ளிக்கொண்டே வந்தாள். சாயந்திரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் அப்பாவை நினைத்துத்தான் அந்தப் 'பார்க்கலாம்'.

வாசல் மணி அடித்தது. அண்ணியின் அப்பா வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். இப்போதும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வகுப்பு எழுந்து நிற்கும் என்று எதிர்பார்க்கிற நடை. கையில் ஒரு வயலின் ரெக்கார்டு, செய்தித்தாளில் சுற்றி.

"வாங்க சம்பந்தி" என்றார் அப்பா.

"எங்க மாப்பிள்ளையோட அந்தப் பேர்போன செட்டு? வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி ஒருதடவை கேட்டுடணும். எத்தனை வருஷமாச்சு ரெக்கார்டு கேட்டு!"

"இதோ மாமா, உக்காருங்க" என்றான் அண்ணன். ரெக்கார்டை வைப்பதும் ஸ்விட்சைப் போடுவதும் சமையலறைவரை கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

இல்லை, கேட்டது. கொசு. கொசுவுக்குப் பின்னால் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

வக்கீலின் கையில் தட்டு நுரையோடு நின்றது. டின் இல்லாமல் மாட்டியிருக்கிறார்கள். யார்?

கையைத் துடைத்துக்கொண்டு ஹால் வாசலுக்கு வந்து சாய்ந்து நின்றாள். செட்டு துடைத்துப் பளபளவென்று இருந்தது. முயல் படத்தைக் காணோம். அம்மாவின் முகத்தில் பெருமை.

"சம்பந்தி வர்றாரேன்னு எல்லாத்தையும் சுத்தம் பண்ணினேன்" என்று அம்மா அவள் காதருகே சொன்னாள். "அந்தப் பிஸ்கட் டின்னு பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. எடுத்துட்டு வயரை நேரா மாட்டிட்டேன். சிவப்புல சிவப்பு, வெள்ளையில வெள்ளை. நான் என்ன படிக்காதவன்னா ஒண்ணும் தெரியாதவளா?"

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாட்டுக்கும் அந்தத் தலைக்கும் சம்பந்தமே இல்லை.

"பழைய ரெக்கார்டு இப்படித்தான் மாமா. மெதுவா, இதமா இருக்கும்" என்றான் அண்ணன்.

"ஆமா ஆமா. ஒரு ரீங்காரம் வருது பாருங்க. அதுதான் அந்தக் காலத்து மணம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா" என்றாள் அண்ணி. "வயலினா வாசிக்கறாங்க? யாரோ அடுத்த வீட்டுல மாவு அரைக்கற மாதிரி இருக்கு."

வக்கீலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேட்கட்டும். செட்டு அவனுடையதுதானே, அவனே பாட வைக்கட்டும். அண்ணன் வால்யூமைத் திருகினான். கொசு கொஞ்சம் பெரிய கொசுவாயிற்று. இன்னும் திருகினான். குமிழ் கடைசிவரை போய் நின்றது. நெற்றியில் வியர்வை. "ரெக்கார்டுல ஏதோ கோளாறுபோல மாமா. ரேடியோ போட்டுக் காட்டறேன் பாருங்க" என்று அடுத்த குமிழுக்குக் கையைக் கொண்டுபோனான்.

வால்யூம் முழுசாகத் திறந்து கிடக்க, ரேடியோவா? ஸ்பீக்கர்களின் காகிதம் கிழிந்து தொங்கும். அப்பா தைத்த சீட் துணிக்குப் பின்னால் இரண்டு ஓட்டைதான் மிஞ்சும்.

"கையை எடு!"

அவள் எப்போது ஹாலைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அண்ணனின் கையைத் தட்டிவிட்டு வால்யூமை ஒரே திருகில் அடியோடு இறக்கினாள். ஹெட்மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

"என்னடி, சம்பந்தி முன்னாடி?" என்றாள் அம்மா.

"டின்னு எங்கம்மா?"

"அதுல ஊசிநூல் போட்டு வெச்சிருக்கேன்."

வக்கீல் கண்ணை மூடித் திறந்தாள். அம்மாவின் பின்னாலேயே போய்ப் பெட்டிக்கடியிலிருந்து டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்தால், தான் பற்றவைத்த பாகங்களின்மேல் நூல்கண்டுகளும் பொத்தான்களும் படுத்திருந்தன. தட்டிக் கொட்டினாள். தங்கியிருந்த ஒரு குண்டூசியை நகத்தால் கிள்ளி எடுத்தாள். ஹாலுக்கு வந்து முழங்காலிட்டு, தட்டின் வயரை டின்னில், டின்னின் வயரை ஆம்ப்ளிஃபையரில், அநாதையாகத் தொங்கிய தரைவயரை ஓரத்துத் திருகில் என்று ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"கொஞ்சம் சீக்கிரம். மாமா உக்காந்திருக்கார்ல?" என்றான் அண்ணன்.

அவள் ஊசியை இறக்கினாள். சின்னதாக ஒரு 'தப்'. பிறகு வயலின்.

ஹால் முழுக்க வில் இழுபட்டது. வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அண்ணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஹெட்மாஸ்டருக்கு இந்தத் தடவை தலையாட்டத் தோன்றவில்லை, வாயைத் திறந்தபடி இருந்தார். சுவரில் போட்டோ மெல்லக் கிடுகிடுத்தது.

அந்தப் பக்கம் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து அண்ணனின் தோளைத் தட்டினார். "மாப்பிள்ளை! பிரமாதமா அமைச்சிருக்கீங்க. பழசையெல்லாம் சேத்து, குறைஞ்ச செலவுல இப்படி ஒண்ணு பண்ண தனி மூளை வேணும்."

"சும்மா ஒரு ஆர்வம் மாமா" என்றான் அண்ணன். கண் இமைக்கவில்லை. "நேரம் கிடைச்சா இப்படி ஏதாவது நோண்டிக்கிட்டிருப்பேன்."

வக்கீல் அண்ணனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

வாயில் நூலோடு வந்து நின்றவர் அவர். எந்த ராத்திரி எந்த வயரை அவள் பற்றவைத்தாள் என்றுகூட அவருக்குத் தெரியும். ஃபோமை வெட்டிக் கொடுத்ததே அவர்தான். செட்டைத் தர வேண்டாம். 'பண்ணினது என் பொண்ணு சம்பந்தி' என்று ஒரு வார்த்தை. அவள் காத்திருந்தாள்.

அப்பா ஸ்பீக்கரின் பக்கம் குனிந்து, தான் தைத்த துணி ஓரத்தில் இல்லாத பிசிறு ஒன்றைக் கிள்ளி எடுத்தார்.

சரி, என்று நினைத்தாள். அவ்வளவுதான். கோபம் எங்கோ போய்விட்டிருந்தது. ஒரு மோட்டாரைச் சோதித்து, இது தேறாது என்று சீட்டு ஒட்டுகிறபோது வருமே, அந்த நிதானம்தான் இருந்தது. போனை எடுத்துப் பேக்கிங் அக்காவுக்கு அனுப்பினாள். 'அந்தக் கட்டில் எனக்கு. இன்னிக்கே வர்றேன்.' உடனே பதில் வந்தது. 'வா வா. பாய் மட்டும் கொண்டு வா.'

ஹெட்மாஸ்டரின் ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டு, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். "நேரா நிறுத்தி வைங்க சார். படுக்க வெச்சா வளைஞ்சுடும்." பிறகு மறுபடி முழங்காலிட்டாள். ஊசிக்குத் தொப்பி போட்டாள். ஊசி மாட்டிய கையை அதன் தாங்கியில் பூட்டி, ஒரு நூலால் கட்டினாள். மேலே சுழலும் பாரத் தட்டைத் தனியே கழற்றித் துண்டில் சுற்றினாள். வயர்களைப் பிடுங்கினாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றான் அண்ணன். "வண்டியில நான் கட்டிக்கறேன்."

"இது வண்டியில ஏறாது."

"டின்னாவது குடு. அது இல்லாம கேக்காதாமே?"

"டின்னு இருந்தாலும் உனக்குக் கேக்காது. தட்டே இல்லையே."

ஹெட்மாஸ்டர் மருமகனையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, இதெல்லாம் பண்ணினது அவதானே? நீங்க ஏன் உங்க வேலைன்னு சொன்னீங்க?" அண்ணன் அவசர அவசரமாக ஹெல்மெட்டைத் தேடினான்.

வக்கீல் உள்ளே போய் நாலு உடுப்பை ஒரு பையில் திணித்தாள். பாரத் தட்டும் டின்னும் அதன் நடுவில். பாயைச் சுருட்டித் தோளில் மாட்டினாள். டர்ன்டேபிளைத் தளும்பத் தளும்பத் தண்ணீர் இருக்கிற பாத்திரத்தைப்போலச் சமமாகத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "ஒரு செட்டுக்காகவா?"

"செட்டை யாருக்கு வேணா குடுங்கம்மா. இனிமே நான் கேக்கல. கம்பெனி அக்கா ரூம்ல கட்டில் இருக்கு, அங்க இருப்பேன்."

அப்பா எழுந்து நின்றார். "அது மட்டும் தனியா பாடாதேம்மா. ஆம்ப்ளிஃபையர் இல்லாம, ஸ்பீக்கர் இல்லாம வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

அந்தக் கேள்வியில் அவர் கேட்க நினைத்தது வேறு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல முடியும்.

"இந்த ஊர்ல எத்தனையோ வீட்டுல ஹெல்மெட் வெக்கற மேசையா ஆம்ப்ளிஃபையர் கிடக்குப்பா. ஒண்ணைத் தேடிப் பிடிச்சு வாய் திறக்க வெக்கத் தெரியும் எனக்கு." வாசல் பக்கம் திரும்பினாள். "பாட ஆரம்பிச்சதும் சொல்லி அனுப்பறேன். பஸ் ஏறி வந்து கேளுங்க."

"போட்டோ?" என்றாள் அம்மா. சுவரைக் காட்டினாள். "உன் போட்டோவை எடுத்துக்கலையா?"

"அது உங்களுக்குத்தான் வேணும்."

இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கதவை அண்ணி திறந்துவிட்டாள். பையின் வார் நழுவியதைத் தோளில் ஏற்றிவிட்டாள். வக்கீல் ஒவ்வொரு படியாகக் கால் வைத்துப் பார்த்து இறங்கினாள். கீழே வண்டி வந்து நின்றிருந்தது. வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் கையில் இருந்ததைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இதையும் ஏத்தணுமாம்மா?"

"இல்லண்ணே. மேல ரெண்டு ஸ்பீக்கர் இருக்கு, சீட் துணி போட்டது. பாத்துப் பதமா இறக்குங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கமாகத் தெருவில் திரும்பினாள்.